நின்றிருந்த இடம்

இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
செத்தூபல் துறைமுகத்தில்
கடைசிப் படகையும் கட்டியாகிவிட்டது.
கீழ்வீட்டில் கணவாய் பொரித்த எண்ணெய்
இன்னும் படியேறி வந்துகொண்டிருந்தது.
வடிவகணிதம் கற்பிக்கிற நான், ஒடேத் பர்ரோசு,
விரல் நடுங்க எழுதிப் பதிவிட்டேன்:

எடில்சனைப் பார்த்துக் குரங்குபோல் கத்தினார்கள்.
என் பள்ளியில். பட்டப்பகலில்.
பிள்ளைகள் விளையாட்டு என்கிறது நிர்வாகம்.

காலையில் பார்த்தால்
மூவாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.
ப்ராகாவிலிருந்து ஒரு பல் மருத்துவர்
என்னை வீராங்கனை என்றிருந்தார்.
முகமில்லாத ஒருவர்
உன்னையும் அவர்களோடு கப்பலேற்ற வேண்டும் என்றிருந்தார்.
காபி ஆறும்வரை இரண்டையும்
மாறிமாறிப் படித்தேன்,
முதலாவதைக் கொஞ்சம் கூடுதலாக.

பள்ளி முதல்வர் அதை அச்செடுத்து வைத்திருந்தார்.
'பள்ளி' என்ற சொல்லை
மஞ்சள் மையால் தீட்டியிருந்தார்.
'குரங்கு' என்ற சொல்லைத் தீட்டவில்லை.
"வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டலாமா?" என்றார்.
குப்பை என்று ஒத்துக்கொண்டதற்கு நன்றி
என்று சொல்லி வெளியே வந்தேன்.
அந்தப் பதிலை நாள் முழுக்க நானே ரசித்தேன்.

நான்காம் மணி அடித்தபின்
எடில்சன் செமேதோ வந்தான்,
பை ஒரு தோளில் தொங்க.

"டீச்சர், என்னைக் கேட்டீர்களா?
பேருந்தில் எல்லாரும் கைபேசியைப் பார்க்கிறார்கள்,
பிறகு என்னைப் பார்க்கிறார்கள்.
அம்மா இரவுப் பணியில் தரை துடைக்கும்போது
மேற்பார்வையாளர் காட்டியிருக்கிறார்.
அவளிடம் நான் சொல்லவே இல்லை.
சொல்வதாகவும் இல்லை."

கோபமில்லை அந்தக் குரலில்.
விடைத்தாளைக் கொண்டுவந்து
கூட்டல் தப்பு என்று காட்டுவானே,
அந்தக் குரல்.

கூட்டல் தப்புதான்.

அன்றிரவு அவன் பெயரை அழித்தேன்.
அழித்த இடம்
பல் விழுந்த ஈறுபோல் இருந்தது.
அவனை எடுத்துவிட்டால் மிச்சம் யார்?
கத்திய ஆறு பையன்கள்.
கேட்ட நான்.

ஆம், கேட்டேன்.
இரண்டாம் மாடி, ஜன்னல் திறந்திருந்தது.
பலகையில் இருசமபக்க முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன்.
முதல் சத்தத்தில் சாக்பீஸ் நின்றது.
இரண்டாம் சத்தத்தில் நடந்துபோய்
ஜன்னலைச் சாத்தினேன்.

எழுதியதை முழுக்க நீக்கிவிட்டு
இதை மட்டும் எழுதினேன்.

பல் மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை.
பகிர்ந்தவர்கள் பதினொரு பேர்.

பன்னிரண்டரைக்கு மேல்,
ஆசிரியர் அறையில் ஆறு வருடமாக
வானிலை தவிர வேறெதுவும் பேசாத
வேதியியல் அபீலியோ எழுதினார்:
நான் ஆய்வகத்தில் இருந்தேன்.
குழாயைத் திறந்துவிட்டேன், தண்ணீர்ச் சத்தத்துக்காக.
நூலகத்து ஜெனொவேவா:
நான் சிரித்தேன். ஏனென்று தெரியவில்லை.
ஃபாரோவில் யாரோ, வேறு பள்ளி, வேறு வருடம்:
வண்டி நிறுத்துமிடத்தில். சாவி தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
எவோராவில் ஓய்வுபெற்ற ஒருவர்
1988 என்று போட்டு,
கதவருகில், என்றார். அவ்வளவுதான்.

எந்தப் பிள்ளையின் பெயரும் யாரும் சொல்லவில்லை.
நின்றிருந்த இடத்தைச் சொன்னார்கள்.
விடியும்வரை புள்ளிகள் வந்தபடி இருந்தன.
இரண்டு புள்ளிக்கு ஒரு கோடு;
இத்தனை புள்ளிக்கு எத்தனை கோடு என்று
எண்ணத் தொடங்கி
எங்கேயோ தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
அபீலியோவுக்கும் வந்தது.
அவர் அதை நான்காக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினார்.
"மாலையில் மழை வரும்" என்றார்.

வகுப்பில் பெயர் வாசித்தேன்.
எடில்சன் செமேதோ.
"இருக்கிறேன்." தலை நிமிரவில்லை.
பிறகு,
"டீச்சர், தேர்வு வியாழக்கிழமைதானே?"

வியாழக்கிழமைதான் என்றேன்.
போய் ஜன்னலைத் திறந்தேன்.
குளிர்கிறது என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.
ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.